காதுக்கு ஒரு மெத்தை

என் மேஜைமேல் ஒரு ஹெட்போன் கிடக்கிறது. 2,500 ரூபாய் கொடுத்து வாங்கியது. பாட்டு இன்னும் கணீரென்று கேட்கிறது. ஆனால் அதைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். காதிலும் கன்னத்திலும் கறுப்புக் கறுப்பாய்த் துகள். வறுத்த முந்திரிப் பருப்பின் தோல் எப்படி உதிரும் என்று பண்ருட்டிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதிரிதான் என் ஹெட்போனின் காது மெத்தையும் உதிர்கிறது. வாங்கிப் பதினான்கு மாதம்தான் ஆகிறது!

கடைக்குக் கொண்டு போனேன். "இயர் பேட் ஜோடி 900 ரூபாய் சார். அதுவும் கம்பெனிச் சரக்கு இல்லை. ஆறு மாசம் தாங்கினால் பெரிசு. பேசாமல் புதுசே வாங்கிடுங்க" என்றார் கடைக்காரர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் உண்மையைத்தான் சொன்னார். அந்த உண்மையின்மேல்தான் கோபம்.

பெட்டியின்மேல் 'புரோட்டீன் லெதர்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ சத்துணவு போலிருக்கிறது. விஷயம் என்னவென்றால், அது தோலே அல்ல. துணியின்மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கை மெல்லிய ஏடாகப் பூசியது. ஈரம் பட்டால் அதன் ரசாயனக் கட்டு மெல்ல மெல்ல அவிழும். வெப்பம் அதைத் துரிதப்படுத்தும். வியர்வையும் தலைக்கு வைக்கிற எண்ணெயும் மிச்சக் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும். சித்திரை மாதத்துப் பண்ருட்டியை நினைத்துப் பாருங்கள்! வியர்க்கிற தேசத்தில், வியர்வைக்கு ஆகாத சரக்கை விற்பது என்ன நியாயம்?

"விலை மலிவாக வேண்டும் என்று கேட்பவர்கள் நீங்கள்தானே?" என்று வியாபாரி கேட்கலாம். தெருவில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் சீட்டைப் பார்க்கச் சொல்வேன். வெயிலிலும் மழையிலும் கிடந்து வருஷக்கணக்கில் உழைக்கிறது அந்த ரெக்சின். காதுக்கு ரெக்சின் முரடு என்றால் துணி இருக்கிறதே! ஜெர்மனியின் பெயர்டைனமிக் கம்பெனி டி.டி. 770 என்ற ஹெட்போனுக்கு வெல்வெட் போன்ற துணி மெத்தை போடுகிறது. பழசானால் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். துணியில் அழுக்குப் பிடிக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் தோலுரியாது.

மெத்தை வெறும் அலங்காரமும் அல்ல. அது நைந்து காதோடு ஒட்டாமல் இடைவெளி விழுந்தால், மிருதங்கத்தின் தொப்பி கழன்றோடிப் போகும். வெளிச் சத்தம் உள்ளே வரும். எங்கள் தெருவில் ஒரு பெண் வீட்டிலிருந்தபடியே கம்பெனி வேலை பார்க்கிறாள். தினம் எட்டு மணி நேரம் அவள் காதில் ஹெட்போன். அவளுக்கு இது பொழுதுபோக்கா? வயிற்றுப் பிழைப்பு அல்லவா!

பண்ருட்டிக்குப் பக்கத்தில்தான் நெய்வேலி. அங்கே சோவியத் உதவியோடு எழும்பிய முதல் அனல் மின் நிலையம் 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020-ல்தான் ஓய்வு பெற்றது. 58 வருஷம்! தேய்ந்த உறுப்பைக் கழற்றி, நல்ல உறுப்பை மாட்டி ஓட்டினார்கள். ஓர் உறுப்பு தேய்ந்துவிட்டது என்பதற்காக இயந்திரத்தையே குப்பையில் போட்டிருந்தால் நம் வீடுகளில் விளக்கு எரிந்திருக்குமா?

சர்க்கார் 2022 டிசம்பரில் 'பழுது பார்க்கும் உரிமை' என்று ஓர் இணையதளம் திறந்தது. நல்ல காரியம். ஆனால் உரிமை இருந்து என்ன பயன், உதிரிப் பாகம் கிடைக்காவிட்டால்?

நான் கேட்பது பெரிய வரமல்ல. மெத்தை எதனால் ஆனது, மாற்று மெத்தையின் விலை என்ன, எத்தனை வருஷம் கிடைக்கும் என்று மூன்றே வரி பெட்டியின்மேல் அச்சிடட்டும். சைக்கிள் டயருக்கு இருப்பதுபோல் இதற்கும் நாலைந்து பொது அளவுகள் வரட்டும். எந்த ஊர்க் கடையிலும் வாங்கி மாட்டிக்கொள்வோம்.

வார் அறுந்தால் செருப்பைத் தைத்துப் போட்டுக்கொண்டவர்கள் நாம். காலுக்குச் செய்த மரியாதையைக் காதுக்கும் செய்யக் கூடாதா?