இலவசக் குடையும் பழைய வட்டும்

வீடியோ கேம் பற்றி ஓர் இலக்கியப் பக்கத்தில் எழுதுவதா என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் இருக்கக்கூடும். அவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். புத்தகத்துக்கு நேரவிருப்பது விளையாட்டு வட்டுக்கு ஏற்கெனவே நேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கூரை எரிகையில் வேடிக்கை பார்ப்பது இலக்கியவாதிகளுக்கும் உகந்ததல்ல.

அவ்வப்போது காதில் விழும் வாதம் இது: பழைய வட்டை வாங்குகிறவன் படைத்தவனின் வயிற்றில் அடிக்கிறான். கைமாறும் வட்டின் விலையில் ஒரு காசுகூட அதை உருவாக்கியவருக்குப் போவதில்லை. ஆகவே பழையதை வாங்குவதும் பர்மா பஜாரில் திருட்டுப் பிரதி வாங்குவதும் ஒன்றே. நேர்மையான ரசிகன் புதியதையே வாங்குவான், இயலாதெனில் வாங்காமல் இருப்பான். இந்த வாதத்துக்கு நம் ஊர்ப்பக்கம் ஒரு சுதேசி மெருகும் ஏற்றப்படுகிறது. ஓட்டப்பிடாரத்து மண்ணில் நின்றுகொண்டு மலிவைப் பற்றிப் பேசலாமா? மலிவான வெள்ளைக்காரக் கப்பலை விட்டுவிட்டு, கூடுதலாகக் கொடுத்தேனும் சுதேசிக் கப்பலில் ஏறுங்கள் என்று சொன்னவர் பிறந்த ஊர் அல்லவா அது?

கேள்வி கூர்மையானதுதான். ஆனால் கேட்பவர்கள் அந்தக் கப்பல் வரலாற்றைப் பாதியில் மூடி வைத்துவிட்டார்கள் என்று நாம் நினைக்கிறோம்.

1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தூத்துக்குடி - கொழும்பு கடல்வழி அதுவரை பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. சுதேசிகள் முதலில் வாடகைக்குக் கப்பல் எடுத்து ஓட்டினார்கள். வெள்ளைக் கம்பெனி, கப்பலை வாடகைக்கு விட்டவர்களை நெருக்கி, அதைத் திரும்பப் பெற வைத்தது. பின்னர் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் சொந்தமாகவே வந்தன. உடனே கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. மேலும் குறைத்தது. கடைசியில் பயணமே இலவசம், ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் இனாம் என்று அறிவித்ததாகத் தூத்துக்குடிப் பக்கம் இன்றும் சொல்வார்கள். 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது. போட்டியின் பொருட்டே கொடுக்கப்பட்ட குடைக்கு அதன் பிறகு என்ன வேலை?

ஆக, அன்றைய சண்டை மலிவுக்கும் நேர்மைக்கும் இடையில் நடந்ததன்று. கடலில் இரண்டாவது கப்பல் ஒன்று இருக்கலாமா கூடாதா என்பதே சண்டை. கட்டணத்தைத் தன் இஷ்டம்போல் ஏற்றவும் இறக்கவும் ஒருவனுக்கு முடிகிறது என்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான்: பயணிக்கு வேறு கப்பல் கிடையாது.

இந்த அளவுகோலை விளையாட்டு வட்டின் மீது வைத்துப் பார்க்கலாம். பதிப்புரிமை என்பதே ஒரு தனியுரிமை. ஒரு குறிப்பிட்ட விளையாட்டைப் புதிதாக விற்கக் கூடியவர் உலகில் ஒருவர்தான். அரிசி விலை ஏறினால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். இந்த விளையாட்டுக்குப் பக்கத்துக் கடை இல்லை. அவருடைய விலைக்கு எதிராக நிற்கக்கூடிய ஒரே சரக்கு, அவரே முன்பு விற்றுக் காசாக்கிவிட்ட பழைய வட்டு மட்டுமே. இரண்டாவது கப்பல் அதுதான். அதைக் கடலிலிருந்து விரட்டுகிற கம்பெனியின் கொடியைப் பிடித்துக்கொண்டு சுதேசியம் பேசுவது வேடிக்கை.

விரட்டும் முயற்சிகளும் ஒளிவுமறைவாக நடக்கவில்லை. 2010இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் புதிய வட்டின் பெட்டிக்குள் ஒரு சங்கேத எண்ணை வைத்தது. பழைய வட்டை வாங்கியவர் இணையத்தில் பிறரோடு விளையாட வேண்டுமானால் அந்த எண்ணுக்குத் தனியே பத்து டாலர் அழ வேண்டும். எதிர்ப்பு வலுத்ததால் 2013இல் அது கைவிடப்பட்டது. அதே 2013இல் மைக்ரோசாஃப்ட், தன் புதிய எக்ஸ்பாக்ஸ் ஒன் இயந்திரத்தில், ஒரு வட்டை மறுபடி விற்கலாமா என்பதை வெளியீட்டாளரே தீர்மானிப்பார் என்றும், இயந்திரம் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலை காட்டியாக வேண்டும் என்றும் விதித்தது. கிளம்பிய கூச்சலில் ஜூன் 19 அன்று இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தக் கூச்சலுக்கு இடையே சோனி நிறுவனம் வெளியிட்ட சிறு படம் ஒன்று நினைவில் நிற்கிறது. பிளேஸ்டேஷன் விளையாட்டை நண்பனுக்குத் தருவது எப்படி என்பதற்கான செயல்விளக்கம்: ஒருவர் வட்டுப் பெட்டியை எடுத்து மற்றவர் கையில் கொடுக்கிறார். முடிந்தது படம்! நாமும் சிரித்தோம்.

அந்தச் சோனியே, பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்த 2021 பிப்ரவரியில் இரண்டு வகை இயந்திரங்களைக் கடையில் வைத்தது. வட்டு போடும் வசதி உள்ளது 49,990 ரூபாய், இல்லாதது 39,990. பத்தாயிரம் மிச்சம் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் வட்டுக்கு வாயில்லாத இயந்திரத்தில் பழைய வட்டைப் போட முடியாது, நண்பனிடம் இரவல் வாங்க முடியாது, விளையாடி முடித்ததை விற்கவும் முடியாது. ஆயுள் முழுவதும் ஒரே கடை, ஒரே விலை. அன்று சோனியின் புதிய விளையாட்டு ஒன்றின் விலை 4,999 ரூபாய். வட்டாக வாங்கி முடித்துவிட்டு மூவாயிரத்துக்கு விற்க முடிகிறவனுக்கு அதன் அடக்க விலை 1,999. இறக்கிக்கொண்டவனுக்கு 4,999 அப்படியே போய்விட்டது. மிச்சம் பிடித்ததாக நினைத்த பத்தாயிரம், இந்தக் கணக்கில் நாலாவது விளையாட்டிலேயே கரைந்துவிடும்.

பழைய வட்டு படைப்பாளியின் வருவாயைக் குறைக்கிறது என்போர் கவனிக்கத் தவறுவதும் இதைத்தான். அந்த 4,999ஐக் கொடுக்கும் துணிவே பலருக்கு, பின்னால் விற்றுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் வருகிறது. விற்று வந்த காசில்தான் அடுத்த புதியதை வாங்குகிறார்கள். மேலும், பெரும் நிறுவனங்களில் அந்த விளையாட்டை எழுதிய நிரலாளர்களும் ஓவியர்களும் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். ஒவ்வொரு வட்டுக்கும் அவர்கள் கையில் காசு எண்ணி வைக்கப்படுவதில்லை.

இனி குடை. மாதச் சந்தா கட்டினால் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள், சில மாதங்களுக்கு மிகக் குறைந்த கட்டணம், மாதந்தோறும் சில 'இலவச' விளையாட்டுகள். சந்தா நின்றால் அந்த இலவசங்களும் பூட்டிக்கொள்ளும். ஏறியவன் கையில் கடைசியில் குடை மிஞ்சியிருக்கும், அந்த வகையில் பிரிட்டிஷ் கம்பெனி கொஞ்சம் நியாயமானது.

நிற்க. சட்டம் என்ன சொல்கிறது? வ.உ.சி. சிறையில் தீர்ப்பை எதிர்நோக்கியிருந்த 1908 ஜூன் முதல் தேதி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு புத்தக வழக்கில் தீர்ப்பு வழங்கியது. பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் ஒரு நாவலில், இதை ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறல் என்று அச்சிட்டிருந்தது. மேசி அங்காடிக்காரர்கள் அதை 89 சென்ட்டுக்கு விற்றார்கள். பதிப்பகம் வழக்குத் தொடுத்துத் தோற்றது. ஒரு முறை விற்ற படியின் மீது அதற்குப் பிறகான அதிகாரம் பதிப்பாளருக்கு இல்லை என்பது நிலைபெற்றது. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், இலக்கியப் படைப்பின் படிகளைப் பொதுமக்களுக்கு வெளியிடும் உரிமையைச் சொல்லும்போது, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள படிகளை அதிலிருந்து விலக்கியே சொல்கிறது. ஒரு முறை விற்கப்பட்ட படி புழக்கத்தில் உள்ள படியாகும் என்ற விளக்கமும் அங்கேயே உண்டு. (கணினி நிரல்களுக்கு அச்சட்டத்தின் வாசகம் சற்று வேறு. அதை வழக்கறிஞர்களிடம் விட்டுவிடுவோம்.) மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் விற்றவர் எந்தப் பதிப்பாளரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்க வேண்டியிருக்கவும் இல்லை.

இந்த நூறாண்டு வழக்கத்தை உடைக்க நீதிமன்றம் போக வேண்டிய தேவைகூடக் கம்பெனிகளுக்கு இப்போது இல்லை. வட்டை ஒழித்துவிட்டால் போதும். இறக்கிக்கொள்வது படியல்ல, உரிமம். 'வாங்கு' என்று பொத்தானில் எழுதியிருக்கும். ஒப்பந்தத்தின் அடியில் வாங்கவில்லை என்று எழுதியிருக்கும். பாரிஸில் ஒரு நுகர்வோர் அமைப்பு, ஸ்டீம் தளத்தில் வாங்கியதை மறுவிற்பனை செய்யும் உரிமை கேட்டு 2019இல் வென்றது. 2022இல் மேல்முறையீட்டில் தோற்றது. அதே 2019இல் மின்னூல்களுக்கு மறுவிற்பனை கிடையாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே நம் இலக்கிய அன்பர்கள் நிமிர்ந்து உட்காரலாம். கலிபோர்னியாவில் மட்டும், தருவது உரிமமே என்பதை வாங்குமிடத்தில் வெளிப்படையாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று விற்கக் கூடாது என்ற சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

உரிமம் என்றால் என்ன என்பதை 2024 மார்ச் 31 அன்று 'தி க்ரூ' விளையாட்டை வாங்கியிருந்தவர்கள் அறிந்தார்கள். யுபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் விற்ற கார்ப் பந்தய விளையாட்டு அது. நிறுவனம் சேவைக் கணினிகளை அணைத்ததும், வட்டு வைத்திருந்தவர்களுக்குக்கூட விளையாட்டு ஓடவில்லை. படிப்பவர்களுக்கோ இது அதற்கும் முன்னரே நேர்ந்தது. 2009 ஜூலையில் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லை என்று கூறி, வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து ஒரு நூலைத் தொலைவில் இருந்தபடியே அழித்தது. பணம் திருப்பித் தரப்பட்டது. அந்நூல் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'. எந்த நாவலாசிரியரும் இப்படி எழுதத் துணிந்திருக்க மாட்டார்.

நகரத்தில் இருந்துகொண்டு 'எல்லாம் இனி இணையத்தில்தானே' என்பது எளிது. தூத்துக்குடியிலிருந்து வடமேற்கே கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் ஓட்டப்பிடாரத்தில், கைப்பேசியின் நாளொன்றுக்கு 2 ஜிபி தரவை நம்பியிருக்கும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்றைய பெரிய விளையாட்டு ஒன்று 100 ஜிபி வரை வரும். வேறெதற்கும் தொடாமல் சேர்த்தால் ஐம்பது நாள். வட்டு என்றால் தூத்துக்குடியிலிருந்து பேருந்தில், சட்டைப்பைக்குள் வந்துவிடும். தொண்ணூறுகளில் தொலைக்காட்சியில் செருகி விளையாடிய கேட்ரிட்ஜ்கள் இப்படித்தான் தெருத்தெருவாகச் சுற்றின. ('99999 விளையாட்டுகள்' என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே எண்ணினால் பத்துத் தேறாது. அவற்றில் பல திருட்டுச் சரக்கு என்பதை மறைக்கவில்லை. திருட்டுச் சரக்கு என்பது விலை கொடுக்கப்படாத நகல். பழைய வட்டு விலை கொடுக்கப்பட்ட ஒரே வட்டு, அது கைமாறியதால் இரண்டாகிவிடாது. இந்த வேறுபாட்டை வேண்டுமென்றே குழப்புகிறவர்களோடு பேசிப் பயனில்லை.) ஒரு வீட்டுப் பிள்ளை விளையாடி முடித்தது அடுத்த வீட்டுக்குப் போகும். இந்தச் சங்கிலியை அறுத்தால் சிற்றூர்ப் பிள்ளைகளெல்லாம் புதியது வாங்கிவிடப் போவதில்லை. விளையாடாமல் போவார்கள், அவ்வளவுதான்.

விலையைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகக் கடைகளில் துழாவித் துழாவி அவர் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சு உருப்படிகள், 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சைப் பற்றி எழுதுகிற யாரும் அங்கே போகாமல் எழுத முடியாது. பதிப்பாளர்கள் சேர்த்து வைத்ததல்ல அது. கடைக்காரர் எடை போட்டு வாங்கியதை ஓர் ஓவியர் காசு கொடுத்து மீட்டது. மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தபோது என்னென்ன போயிற்று என்று யாரிடமும் பட்டியல் இல்லை. விளையாட்டுகளின் நிலை இன்னும் மோசம். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியானவற்றில் 87 விழுக்காடு இன்று கடையில் புதிதாகக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கிட்டது. 'புதியதை வாங்கு' என்கிறவர்கள் அந்த 87ஐ யாரிடம் போய் வாங்கச் சொல்கிறார்கள்?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்வோம். மூன்று பேர் சேர்ந்து வீட்டு அறையில் இருந்து உருவாக்கும் சிறு விளையாட்டும், முந்நூறு படி அச்சிடும் தமிழ்ப் பதிப்பாளரும் வேறு வகை. அங்கே ஒவ்வொரு விற்பனையும் ஒரு ஆளின் மாதச் செலவு. அவர்களிடம் நாமும் புதியதாகவே, முழு விலைக்கே வாங்குகிறோம், சிற்றிதழுக்குச் சந்தா கட்டுவதுபோல. சுதேசிக் கப்பலில் ஏறுங்கள் என்று சொன்னதன் பொருள் அங்கேதான் பொருந்துகிறது. அதே வேண்டுகோளைப் பிரிட்டிஷ் கம்பெனி விடுக்கும்போது, அதன் அலுவலகத்துக்கு வெளியே நின்று நாமும் சேர்ந்து கூவ வேண்டியதில்லை.