முழங்காலுக்கு இரத்த ஊசி!

"பி.ஆர்.பி. ஊசி போட்டால், தேய்ந்து போன முழங்கால் மறுபடியும் வளர்ந்து விடுமாமே! உண்மையா?"

இப்படிக் கேட்பவர்கள் இப்போது பெருகி இருக்கிறார்கள்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் நைனார்பாளையம் போன்ற ஊர்களில் இது வெறும் பேச்சு அல்ல. பருத்தியிலும் சோளத்திலும் குந்திக் குந்திக் களை எடுத்த பெண்களுக்கு, ஐம்பது வயது ஆகும் முன்பே முழங்கால் மக்கர் செய்கிறது. கல்வராயன் மலையில் ஏறி இறங்குகிறவர்கள் பாடு இன்னும் கஷ்டம்.

ஊசிக்கு ஆயிரக்கணக்கில் செலவு ஆகிறது. ஆட்டை விற்று, தோட்டை அடகு வைத்துப் போடும் ஊசி பலிக்குமா என்று தெரிய வேண்டாமா?

நம் இரத்தமே மருந்து

நோயாளியின் கையில் இருந்தே கொஞ்சம் இரத்தம் எடுக்கிறார்கள். அதை ஒரு எந்திரத்தில் வேகமாகச் சுற்றுகிறார்கள். சிவப்பு அணுக்கள் பிரிந்து விடும். தட்டணுக்கள் நிறைந்த மஞ்சள் நீரை எடுத்து, முழங்கால் மூட்டுக்குள் செலுத்துகிறார்கள்.

காயம் பட்டால் இரத்தத்தை உறைய வைப்பவை இந்தத் தட்டணுக்கள்தான். புண்ணை ஆற்றும் சத்துக்களும் அவற்றில் உண்டு. "தோலில் புண்ணை ஆற்றுவது, மூட்டையும் ஆற்றாதா?" என்பதுதான் டாக்டர்களின் எண்ணம்.

நல்ல எண்ணம்தான். பலன் என்ன?

இரண்டு பரிசோதனைகள்

சண்டிகர் அரசு மருத்துவ ஆராய்ச்சி நிலைய டாக்டர்கள், 78 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். சிலருக்கு இந்த ஊசி. சிலருக்கு வெறும் உப்பு நீர். எது யாருக்கு என்று நோயாளிக்குத் தெரியாது. முடிவு 2013-ல் வெளியாயிற்று. ஊசி போட்டவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. ஆனால் ஆறு மாதம் ஆனபோது, அந்தப் பலன் தேயத் தொடங்கி விட்டது.

அதைவிடப் பெரிய சோதனை ஆஸ்திரேலியாவில் நடந்தது. 288 பேர். வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். 10 மார்க்குக்கு அளக்கும் வலியில், ஊசி போட்டவர்களுக்கு 2.1 குறைந்திருந்தது. உப்பு நீர் போட்டவர்களுக்கு? 1.8! உப்பு நீருக்கே அந்த மகிமை!

படம் பிடித்துப் பார்த்ததில், மூட்டின் குருத்தெலும்பு இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்திருந்தது. 2021-ல் இது வெளிவந்தது.

ஏன் இந்த முரண்பாடு? கஷாயம் என்று பெயர் ஒன்றுதான். வீட்டுக்கு வீடு காய்ச்சுவது வேறு. அந்தக் கதைதான் இங்கும். ஓர் ஆஸ்பத்திரியில் தட்டணுக்கள் மும்மடங்கு, இன்னொன்றில் ஐம்மடங்கு. இதைக் காரணம் காட்டித்தான், அமெரிக்க மூட்டு நோய் டாக்டர்கள் சங்கம் 2019-ல் இந்த ஊசி வேண்டாம் என்று சொல்லி விட்டது.

இதை மோசடி என்று நாம் கூறவில்லை. ஆரம்ப நிலையில் உள்ள சிலருக்கு வலி குறையலாம். ஆனால் "குருத்தெலும்பு வளரும்" என்று விளம்பரம் செய்வது தவறு. அப்படிச் சொல்லும் இடத்தில் பணத்தை எடுக்காதீர்கள்.

செலவு இல்லாத வைத்தியம்

திண்ணையில் உட்காருங்கள். ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை நிறுத்துங்கள். மெதுவாக இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை. தினமும் செய்ய வேண்டும். தொடைச் சதை பலப்பட்டால் மூட்டின் பாரம் குறையும். பருமனாக இருப்பவர்கள் ஒரு கிலோ இளைத்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறைகிறது.

மூட்டு அடியோடு தேய்ந்து விட்டவர்களுக்கு ஊசியால் ஆவது ஒன்றும் இல்லை. அவர்கள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், மூட்டு மாற்று அறுவையைப் பற்றிக் கேட்பதே உசிதம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டு போக வேண்டும்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. கள்ளக்குறிச்சியில் 2022-ல் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள், மகிழ்ச்சி. வீடு தேடி வந்து உடற்பயிற்சி வைத்தியம் செய்யும் திட்டத்தையும் 2021-லேயே தொடங்கினார்கள். ஆனால் பகல் பதினொரு மணிக்கு வந்தால், களை எடுக்கப் போன பெண் வீட்டில் எப்படி இருப்பாள்? மாலை ஆறு மணிக்கு மேல் வரச் சொல்ல வேண்டும்.