சக்கரம் உருளும் பாதையில் எம்மவர் பங்கு எங்கே?

உலகின் மலைநாடுகளிலே ஒரு புதுத் தொழில் வளர்ந்து வருகின்றது. மலைச்சாரலிலும் காட்டிலும் துவிச்சக்கர வண்டி ஓட்டுவோர்க்கென்றே தனிப் பாதைகளை வெட்டுகின்றனர். பாதை தொடங்கும் இடத்தில் வண்டி வாடகைக்குக் கொடுக்கும் கொட்டகையும், வண்டி பழுது பார்க்கும் பட்டறையும், உணவுச்சாலையும் அமைக்கின்றனர். நகரத்தார் வந்து ஓட்டி மகிழ்ந்து, உண்டு, தங்கி, பணம் செலவழித்துச் செல்கின்றனர். இத்தகைய நிலையமொன்று நாளை சப்ரகமுவத் தோட்டங்களுக்கும் வரலாம். வருமாயின் அதன் பயன் யாருக்கு என்ற கேள்வியை வருமுன்னரே எழுப்புதல் எமது கடமையாகும். வந்தபின் எழுப்பும் கேள்விக்கு எம் நாட்டில் எந்தத் துரையும் பதிலிறுத்ததில்லை.

இவ்விளையாட்டின் வரலாறு நீண்டதன்று. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே, தமல்பைஸ் மலையின் மண் ரோடுகளில், பழைய தடித்த டயர் சைக்கிள்களில் இளைஞர் சிலர் இறங்கி விளையாடியதிலிருந்து அது வளர்ந்தது. 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது போட்டியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1990-களில் வேல்ஸ் நாட்டின் கோயிட்-ய-பிரெனின் காட்டில் இதற்கெனவே வகுத்த பாதைகள் தோன்றின. எளிய பாதைக்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம், கடினமானதற்குச் சிவப்பு, மிகக் கடினமானதற்குக் கறுப்பு என நிறமிட்டுத் தரம் பிரிக்கும் வழக்கமும் அந்நாட்டில் ஊன்றியது.

எமக்கு அண்மையிலும் இதன் ஒலி கேட்கின்றது. கேரளத்தின் பொன்முடி மலையில் 2023 ஒக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டிகள் நடைபெற்றன. எமது தீவிலே கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைப்பாதை, 300 கிலோமீட்டருக்கு மேற்பட்டதாய், 22 பகுதிகளாய் அண்மை ஆண்டுகளில் வகுக்கப்பட்டது. அது பெரும்பாலும் புதிதாய் வெட்டிய பாதையன்று. தேயிலைத் தோட்டங்களின் பழைய ரோடுகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் இணைத்ததாகும். நடப்பவர்க்கென அமைந்த அப்பாதை பெரும்பாலும் மத்திய, ஊவா மாகாணங்களுக்குள்ளேயே ஓடுகின்றது. எனினும் தோட்டத்துப் பாதை விலைபோகும் பொருள் என்பதை அது உலகுக்குக் காட்டிவிட்டது. நடப்பவரைத் தொடர்ந்து சக்கரமும் வரும். பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் மலைகள் இல்லையா? பாதைகள் இல்லையா?

அண்மையில் நாமும் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டமொன்றின் ரோட்டிலே, இரவல் வண்டியொன்றில் ஏறிப் பார்த்தோம். மேற்கணக்கிலிருந்து ஸ்டோர் வரை இறக்கம். ஒரு பக்கம் தேயிலை நிரை, மறுபக்கம் பள்ளம். காற்று முகத்தில் அறைய, சக்கரம் தானே உருள, சிறு பிள்ளையின் மகிழ்ச்சி எமக்கும் உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்? ஆனால் அம்மகிழ்ச்சி அரை மைல் தூரமும் நீடிக்கவில்லை. மதகு ஒன்று இடிந்து கிடந்தது. ரோட்டின் நடுவே மழைநீர் அறுத்த பள்ளம் முழங்கால் ஆழம் இருந்தது. அங்கே வண்டியை நாம் தோளில் தூக்கினோம். அப்பொழுது எதிரே பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள், சப்பாத்தைக் கையிலேந்தி அப்பள்ளத்தைத் தாண்டிச் சென்றனர். எமக்கு ஒரு நாள் விளையாட்டாய் இருந்தது அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் இருமுறை கடக்க வேண்டிய இடராய் இருந்தது.

அந்த ரோட்டிலேயே சற்றுக் கீழே, ஒரு பகுதி மட்டும் உறுதியாய், மேடுபள்ளமின்றி இருந்தது. காரணம் கேட்டோம். ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர், தமது லயத்துக்கு முன்னால் ஓடும் கானைத் தாமே வாரந்தோறும் வாரி வைப்பதாகச் சொன்னார். கான் அடைபட்டால் தண்ணீர் ரோட்டில் ஏறும்; தண்ணீர் ஏறிய ரோடு தங்காது என்பது அவர் எமக்குச் சொன்ன பாடம்.

உலகெங்கும் மலைப்பாதை வகுக்கும் வல்லுநர் எழுதிவைத்த முதற் பாடமும் இதுவே. பாதையின் சரிவு சராசரியாக நூற்றுக்குப் பத்துக்கு மேற்படலாகாது என்பர். மலைச்சரிவின் பாதியைப் பாதையின் சரிவு மிஞ்சினால் நீர் பாதையையே வாய்க்காலாக்கிக்கொள்ளும் என்பர். பாதையின் வெளிப்புறம் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். இடையிடையே இறக்கத்தை முறித்துச் சிறு ஏற்றம் வைத்து நீரை வெளியேற்ற வேண்டும் என்பர். இவற்றைக் கற்பிக்க வெளிநாட்டிலிருந்து ஆலோசகர் வருவர். அவருக்கு டொலரில் ஊதியம் தரப்படும். ஆனால் மலையின் மட்டம் பார்த்துக் கான் வெட்டவும், கல்லடுக்கிக் கட்டு எழுப்பவும், நீரை மலைக்கு மலை பிரித்துவிடவும் நூற்றைம்பது ஆண்டுகளாக அறிந்தவர் யார்? மண்வெட்டியும் அலவாங்கும் ஏந்திய எம் பாட்டனும் தந்தையும் அன்றோ? அவர்களது கைத்தேர்ச்சியைப் பெரட்டுக்களத்தில் "சில்லறை வேலை" என்று எழுதினர். அதே வேலை நாளைக்கு அயல்மொழிப் பெயர் பெற்று வருங்கால் உயர்தொழிலாகிவிடும். பெயர் மாறும்போது கையும் மாறிவிடலாகாது என்பதே எமது கவலை.

பாதை வந்தால் ஊர் தானே வளரும் என்று சொல்வாருளர். சப்ரகமுவ மக்களுக்கு அதை நம்பக் காரணமில்லை. களனிப் பள்ளத்தாக்கு ஒடுக்க இருப்புப்பாதை 1912-இல் இரத்தினபுரியை அடைந்தது. 1919-இல் ஓப்பநாயக்காவை எட்டியது. தேயிலையும் இறப்பரும் கொழும்புத் துறைக்குச் செல்வதற்கென வந்த பாதை அது. மக்களும் ஏறிச் சென்றனர். ஆனால் அவர்களுக்காக அது வரவில்லை. சரக்கு லொறிக்கு மாறியது. 1970-களில் அவிசாவளைக்கு அப்பால் இருந்த பகுதி மூடப்பட்டது. ஏறிச் சென்ற மக்களைக் கேட்டு மூடினார்களா? சரக்குக்காக வந்த பாதை சரக்கோடு போயிற்று. உல்லாசப் பயணியும் ஒருவகைச் சரக்கே. அவன் வரும்வரை பாதை ஒளிவீசும்; வாராதபோது புல் முளைக்கும்.

பிற நாட்டு அனுபவமும் இதையே கூறுகின்றது. அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவிலே டெர்பி என்பது ஒரு பழைய வெள்ளீயச் சுரங்க ஊர். சுரங்கம் ஓய்ந்தபின் ஊரும் தேய்ந்தது. 2015-இல் அங்கே மலைச் சைக்கிள் பாதைகள் திறக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகளில் உலகப் போட்டியே அங்கு வந்தது. ஊர் உயிர்பெற்றது உண்மை. அதனுடன் வீட்டு விலையும் ஏறிற்று. குடியிருந்த வீடுகள் விருந்தினர் விடுதிகளாயின. சொந்த வீடுடையவன் அங்கே இலாபம் கண்டான். வாடகைக்கு இருந்தவன் என்ன கண்டிருப்பான்? லயத்து அறையில் உரிமைப் பத்திரமின்றி வாழும் எம்மவர் இதனை இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். வேல்ஸ் நாட்டின் கோயிட்-ய-பிரெனினிலோ, 2025 மார்ச்சில் அரச நிறுவனம் செலவைக் காரணங்காட்டி நிலையத்தின் உணவகத்தையும் கடையையும் மூடியது; பாதைகள் மட்டும் எஞ்சின. அரசை மட்டும் நம்பிய நிலையத்தின் உறுதி அவ்வளவே.

ஆயின் வேறு வழி இல்லையா? உண்டு. கேரளத்து வயநாட்டில் மானந்தவாடிக்கு அண்மையில் பிரியதர்ஷினி தேயிலைத் தோட்டம் இருக்கின்றது. கொத்தடிமைத் தளையினின்று மீட்கப்பட்ட ஆதிவாசிக் குடும்பங்களின் வாழ்வுக்கென 1980-களில் அமைக்கப்பட்டு, கூட்டுறவுச் சங்கத்தின் கீழ் நடத்தப்பட்ட தோட்டம் அது. அத்தோட்டத்துச் சரிவுகளில் மலைச் சைக்கிள் போட்டிகள் நடைபெற்றுள்ளன. கூட்டுறவு என்ற சொல் மட்டும் வறுமையைப் போக்கிவிடாது. கணக்கு நேராக இல்லாத சங்கம் துரைத்தனத்தினும் கொடிதாகலாம். எனினும் தேயிலைத் தோட்டம் உழைப்பாளர் சங்கத்துக்குரியதாகவும், அதிலேயே வண்டிப் பாதை ஓடக்கூடியதாகவும் இருக்க முடியும் என்பதற்கு அது சான்று.

எமது நிலை யாது? 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள் நாம். 1970-களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் குத்தகைக்குச் சென்றது. நிலம் அரசினது, குத்தகை கம்பனியினது, உழைப்பு மட்டும் எம்மவரது. நாட்சம்பளம் 1000 ரூபாவிலிருந்து 1350 ரூபாவாக உயர 2021 முதல் 2024 வரை காத்திருந்தோம். நுவரெலியாவைப் போன்று இங்கே எம்மவர் திரண்டு வாழவில்லை. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தோட்டந்தோட்டமாகச் சிதறி வாழ்கின்றனர். சிதறிய மக்களின் குரல் உடன்படிக்கை எழுதப்படும் மேசைக்கு எட்டுவதில்லை.

"கூரை ஒழுகும் லயத்திலே இருப்பவனுக்குச் சைக்கிள் பாதை ஒரு கேடா?" என்று கேட்பாரும் உளர். அவர்தம் சினம் நியாயமானது. வீடும் காணியும் முதலில் வேண்டும் என்பதில் எமக்கு இருவேறு கருத்தில்லை. ஆனால் வருவோர் எமது முன்னுரிமைப் பட்டியலைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. வேண்டாம் என்று முகந்திருப்பி நிற்போமாயின், பாதை வரும். பங்கு மட்டும் வராது. ஆதலின் இன்றே எமது நிபந்தனைகளை வகுத்துக்கொள்வோம்.

முதலாவது, பாதை வெட்டும் வேலையும் அதனைப் பேணும் வேலையும் அத்தோட்டத்து மக்களுக்கே உரியதாதல் வேண்டும். அதுவும் தேர்ந்த தொழிலுக்குரிய ஊதியத்துடன். கித்துல்கலையில் களனி கங்கையின் நீரோட்டத்தில் படகுச் சவாரி நடக்கின்றது. ஆற்றை அறிந்த உள்ளூர் இளைஞர் அங்கே வழிகாட்டிகளாக விளங்குகின்றனர். மலையை அறிந்த எம் இளைஞர் மலைக்கு வழிகாட்டலாகாதா? வண்டி திருத்தும் தொழிலையும் அவர்க்கே பயிற்றுவிக்க வேண்டும்.

இரண்டாவது, நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு தோட்டத்துக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் செல்லுமென்பது எழுத்தில் இருத்தல் வேண்டும். வாய்ச்சொல்லை நாம் நிரம்பக் கேட்டுவிட்டோம். அந்த எழுத்து தமிழிலும் இருக்க வேண்டும்; கணக்கு ஆண்டுதோறும் பெரட்டுக்களத்திலே வாசிக்கப்படவும் வேண்டும். அப்பங்கின் முதற் செலவு பாடசாலைக்குச் செல்லும் ரோட்டுக்காகட்டும்.

மூன்றாவது, நடையுரிமை. பாடசாலைக்கும் கோயிலுக்கும் மயானத்துக்கும் செல்லும் வழியில் எந்தக் கதவும் எழலாகாது. கொழுந்துக் கூடையைத் தலையில் தாங்கி இறங்கும் பெண்ணுக்குச் சக்கரம் வழிவிட வேண்டும். அவள் ஒதுங்கி நிற்கக் கூடாது. கேகாலையின் இறப்பர் மலைகளில் விடியுமுன் பால்வெட்டு நடக்கும். பால் எடுத்து முடியும்வரை அங்கே வண்டி ஓடலாகாது. தொழில் செய்வாரை அவர்தம் இசைவின்றிப் படம் பிடித்துக் காட்சிப் பொருளாக்கும் இழிவுக்கும் இடமளித்தலாகாது.

நான்காவது, மண். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. 2016 மே மாதத்தில் அரநாயக்க மலை சரிந்து கிராமங்களைப் புதைத்ததை மறந்தோமா? 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்த புண் இன்னும் ஆறவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு ஆய்வின்றி, லயங்களுக்கு மேலேயுள்ள சரிவில் ஓரடிப் பாதையும் வெட்டப்படலாகாது. மேலே ஒருவன் விளையாடக் கீழே ஒருவன் புதைவதை எந்த வருமானமும் ஈடுசெய்யாது.

எமது வாசகருள் உழவரும் உளர். சிறு தேயிலைத் தோட்டம் உடைய அவர்களுக்கும் ஒரு சொல். நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு இன்று சிறு தோட்டங்களினின்றே வருகின்றது. உங்கள் காணியூடே பாதை கேட்டு வருவார்க்கு ஒருமுறைப் பணத்துக்காக உரிமையை விற்றுவிடாதீர்கள். ஆண்டு வாடகைக்கே இசையுங்கள். வழியிலே மிளகும் கறுவாவும் இளநீரும் உங்கள் கையாலேயே விலைபோகட்டும். சட்டமறிந்தோரும் பொறியியலாளரும் ஆசிரியரும் எம் வாசகருள் உளர். தோட்டத்திற் பிறந்து கற்றுயர்ந்த உங்கள் கடன் யாது? உடன்படிக்கையை வாசித்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர், சரிவை அளந்து சொல்ல ஒரு பொறியியலாளர், கணக்கைப் பார்த்துச் சொல்ல ஒரு கணக்காளர் எனத் தோட்டத்துக்கு மூவர் முன்வந்தால் போதும். சங்கம் தலைநிமிர்ந்து மேசைக்குச் செல்லும்.

நாம் கண்ட அந்த ரோட்டிலே இடிந்த மதகு இன்னும் இடிந்தே கிடக்கின்றது. நாளை அந்த மலைக்கு வண்ண உடையணிந்து, பல இலட்சம் ரூபா வண்டியேறி ஓட்டுநர் வருவர். அவர்கள் வருவதன் பொருட்டு மதகு கட்டப்படுமாயின், சப்பாத்தைக் கையிலேந்தி நடந்த பிள்ளைகள் இத்தனை ஆண்டு காத்திருந்தது எதற்கு என்று கேட்போம். கட்டப்பட்டபின் அம்மதகின் மேல் அப்பிள்ளைகளும் சொந்தச் சைக்கிளில் செல்லும் நாள் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.