எந்த டீசல் என்பதை ஆக்சில் சொல்லட்டும்

பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் ஏற்ற நினைப்பவர்கள் குதிரைத்திறனில் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஆக்சிலில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கும் முன்னால் ஒரு காசுக் கணக்கு இருக்கிறது. டீசல் விலை அரசின் பிடியில் இருந்த காலத்தில் இந்த மாற்றத்துக்கு யாரும் காரணம் கேட்கவில்லை. 2014 அக்டோபரில் அந்தப் பிடி விலகியது; பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த விலை இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது. பெட்ரோல் 100 ரூபாய், லிட்டருக்கு 8 கிலோமீட்டர். டீசல் 92 ரூபாய், 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு மிச்சம் ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. எஞ்சினும் பட்டறைக் கூலியும் சேர்ந்து ஒன்றரை லட்சம் ஆனால், போட்ட பணம் திரும்ப ஏறத்தாழ 31,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். எஸ்டேட்டில் தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓடும் வண்டி இதை இரண்டே ஆண்டில் ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டிக்குப் பத்தாண்டு பிடிக்கலாம். அப்படிப்பட்டவர் பெட்ரோல் எஞ்சினையே பிரித்துச் சரிசெய்துகொள்வது மேல்.

சரி, டீசல்தான் என்று முடிவாகிவிட்டது. மகிந்திரா தயாரித்த சி.ஜே.3பி ஜீப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினின் உச்ச இழுவிசை சுமார் 155 நியூட்டன் மீட்டர். 2,000 சுற்றிலேயே அது கிடைத்துவிடும். டீசல் என்றாலே இழுவை கூடும் என்று நம்புகிறவர்கள், அதே நிறுவனம் பின்னாளில் தன் ஜீப்புகளில் பொருத்திய 2,112 சி.சி. பெஜோ டீசலின் இழுவிசை சுமார் 120தான் என்பதைக் கவனிக்க வேண்டும். மைலேஜுக்காக அதைப் போடலாம், மலையேற்றத்துக்காகப் போட்டால் ஏமாற்றம்தான். இழுவை வேண்டுமானால் 2.5 லிட்டர் டி.ஐ. எஞ்சின் இருக்கிறது. கீழ்ச்சுற்றிலேயே நன்றாக இழுக்கும். ஆனால் 3,200 சுற்றைத் தாண்டி அதை விரட்டிப் பயனில்லை. சி.ஜே.3பியின் ஆக்சில் விகிதம் 5.38. சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் உருளும் என்று கொண்டால், டாப் கியரில் 4,000 சுற்றில் பெட்ரோல் வண்டி மணிக்கு 98 கிலோமீட்டர் போகும். டி.ஐ. போட்டால் 78இலேயே எஞ்சின் கதறும். ஆகவே எஞ்சினோடு கிரவுன் வீல், பினியனையும் மாற்றியாக வேண்டும். அதுவும் முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில். பின்பக்கம் மட்டும் மாற்றி ஃபோர் வீல் போட்டால் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, டிரான்ஸ்பர் கேஸ்தான் பலியாகும்.

‘இவ்வளவு எதற்கு, காமன் ரெயில் எஞ்சின் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் பிடித்துப் போட்டால் வேகமும் வரும், இழுவையும் வரும்’ என்பார்கள். வரும். 2010இல் வந்த தார் வண்டியின் சி.ஆர்.டி.இ. எஞ்சின் 105 குதிரைத்திறனும் 247 நியூட்டன் மீட்டரும் தந்தது. ஹரிக்கேனைவிட இழுவிசை ஏறக்குறைய அறுபது விழுக்காடு கூடுதல். லோ ரேஞ்சில், முதல் கியரில் இந்த விசை முப்பது மடங்குக்கும் மேல் பெருகி ஆக்சில் ஷாஃப்டுக்குப் போகிறது. 155ஐ மனத்தில் வைத்துச் செய்த மூன்று கியர் பெட்டியும் ஷாஃப்டும் இதை எத்தனை நாள் தாங்கும்? தாங்கினாலும், நிறுத்துவதற்கு இருப்பவை நான்கு டிரம் பிரேக்குகள். போதாததற்கு ஈ.சி.யூ., சென்சார், வயரிங். காட்டுப்பாதையில் ஒரு சென்சார் போனால் ஸ்பேனரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பம்பும் நாசிலும் கொண்ட பழைய டீசலைச் சிறு ஊர் மெக்கானிக்கே கிளப்பிவிடுவார். காமன் ரெயில்தான் வேண்டும் என்றால் அதன் கியர்பாக்ஸ், ஆக்சில், பிரேக் எல்லாவற்றையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும். அந்தச் செலவில் ஒரு பழைய தாரையே வாங்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு தடை காகிதத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ‘ஊரெல்லாம் இப்படித்தான் ஓடுகிறது’ என்ற பதில் விபத்து நடந்த பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் செல்லாது. தயாரிப்பாளரே அந்த வகை ஜீப்பில் விற்ற டீசல் என்றால் ஆர்.டி.ஓ.விடம் வாதாடக் கொஞ்சமாவது இடமிருக்கும். எஞ்சினுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே, எழுத்தில் விண்ணப்பித்து அனுமதி கிடைக்குமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் எண்ணோடு கூடிய பில்லும் கையில் இருக்க வேண்டும்.