தொட்டபெட்டாவில் முதலில் ஏறியது யார்?

ஊட்டியிலிருந்து கோத்தகிரி சாலையில் போய், பிரிவில் திரும்பி மேலே ஏறினால் அரை மணி நேரத்தில் தொட்டபெட்டா. வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு டீ, தொலைநோக்கியில் ஒரு பார்வை, நாலு செல்ஃபி. தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரத்தில் ஏறியாச்சு! உயரம் 2,637 மீட்டர். ஊட்டியே சுமார் 2,240 மீட்டரில் இருப்பதால் பாக்கி 400 மீட்டர்தான். அதையும் இன்ஜினே ஏறிவிடுகிறது.

மத்திய ஆசியாவில், கிர்கிஸ்தான் - தஜிகிஸ்தான் எல்லையில் 7,134 மீட்டரில் ஒரு மலை நிற்கிறது. மலையேறிகள் அதை லெனின் சிகரம் என்கிறார்கள். அதன் அடிவார முகாமே சுமார் 3,600 மீட்டரில், அதாவது தொட்டபெட்டா உச்சியைவிட கிட்டத்தட்ட ஒரு கி.மீ. மேலே இருக்கிறது. இரண்டையும் ஒப்பிடலாமா என்றால், உயரத்தில் முடியாது. ஆனால் பெயரிலும் வரலாற்றிலும் ஒப்பிட நிறைய இருக்கிறது.

முதலில் கல். நீலகிரியின் சார்னோக்கைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பாமீர், இமயம் எல்லாம் இதற்கு முன்னால் பச்சைப் பிள்ளைகள். இந்தப் பழைய பாறையைச் சுமந்துகொண்டு வடக்கே நகர்ந்த இந்திய நிலத்தட்டு, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவுடன் மோதியது. அந்த நெருக்கலில்தான் அங்கே நிலம் மடிந்து உயர்ந்தது.

அடுத்தது பெயர். லெனின் சிகரத்தை 1871-ல் ரஷ்யப் பயணி ஃபெட்சென்கோ பதிவு செய்தபோது, துர்கிஸ்தான் ஆளுநர் காஃப்மேனின் பெயரைச் சூட்டினார்கள். 1928-ல் மூன்று ஜெர்மானியர்கள் உச்சியைத் தொட்டார்கள். அந்தக் காலத்திலேயே அது லெனின் ஆனது. 2006-ல் தஜிகிஸ்தான் அதை இப்ன் சீனா ஆக்கியது. ஆட்சி மாறினால் மலைக்கும் பெயர் மாறும் போல!

ஊட்டியைச் சுற்றியும் ஆங்கிலேயர்கள் பெயர் வைக்காமல் விடவில்லை. ஸ்னோடன், எல்க் ஹில், கிளப் ஹில் எல்லாம் அவர்கள் வைத்தவை. ஆனால் இருப்பதிலேயே பெரிய மலை மட்டும் படகர் சொன்னபடியே நின்றுவிட்டது. தொட்ட என்றால் பெரிய, பெட்டா என்றால் மலை. அவ்வளவுதான்.

பெயர் தப்பித்தது, வரலாறு தப்பிக்கவில்லை. பயணக் கையேடுகளில் நீலகிரியை 1819-ல் ஜான் சல்லிவன் 'கண்டுபிடித்தார்' என்று இன்னமும் எழுதுகிறார்கள். அவருக்கு முந்தைய ஆண்டே விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு அதிகாரிகள் மேலே வந்துவிட்டார்கள். அதற்கும் முன், 1603-ல், ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் மேற்குக் கடற்கரையிலிருந்து ஏறி வந்திருக்கிறார். வந்தவரைப் பார்க்க இங்கே தோடர்கள் இருந்தார்கள், எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆள் இருக்கும் வீட்டுக்குள் நுழைந்தவரை 'கண்டுபிடித்தவர்' என்று யாரும் சொல்வதில்லை. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் சாகுபடி, ஊட்டி ஏரி என்று சல்லிவனுக்குச் சேர வேண்டிய பெருமை வேறு உண்டு. இது அவருடையதல்ல.

தொட்டபெட்டாவில் முதலில் ஏறியவர் யார் என்ற கேள்விக்கு அதனால்தான் பெயரும் தேதியும் கிடையாது. பதிவாகி இருப்பது வேறொன்று: 1847-48-ல் உச்சியில் ஒரு வானிலை பங்களா இருந்தது. அங்கே எடுத்த அளவீடுகளைச் சென்னை வானாய்வகம் புத்தகமாகவே போட்டது.

இன்னொரு வகை மலையும் இங்கே உண்டு, ஏறி ஜெயிப்பதற்கு அல்லாதது. மேற்கே 2,554 மீட்டரில் நிற்கும் முக்குர்த்தியிலிருந்துதான் இறந்தவர்களின் ஆன்மாவும் எருமைகளின் ஆன்மாவும் மறு உலகத்துக்குப் போகின்றன என்பது தோடர் நம்பிக்கை. வரையாடுகளுக்காக அந்தப் பகுதி 1990-ல் தேசியப் பூங்கா ஆனது. கார் போகாது, நல்ல வேளை.

உயரம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று நினைத்தால் தப்பு. லெனின் சிகரத்தில் 1990-ல் ஒரு பனிச்சரிவு 43 பேரைக் கொன்றது. நீலகிரியில் பனிச்சரிவு கிடையாது, மண்சரிவு உண்டு. அவலாஞ்சி என்ற ஊர்ப் பெயரே 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஒரு பெரிய சரிவால் வந்ததுதான். அதே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் 24 மணி நேரத்தில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. 2009 நவம்பர் சரிவுகளில் மாவட்டத்தில் இறந்தவர்கள் 40-க்கும் மேல். சரிவை வெட்டிச் சாலை போடுவதும், கட்டடம் எழுப்புவதும் நின்றபாடில்லை.

கூட்டத்தைக் கட்டுப்படுத்த 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் உச்ச வரம்பு வைத்தது. வியாபாரிகளின் கவலை நியாயமானதே. அவர்கள் பிழைப்பு அது. ஆனால் தாங்கும் அளவு என்று ஒன்று மலைக்கும் இருக்கிறதே.

நடந்தே ஏற ஆசைப்படுபவர்களுக்கும் வழி இருக்கிறது. குரங்கணி காட்டுத்தீயில் 2018-ல் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை ஆன்லைன் முன்பதிவுடன் திறந்தது. அதில் ஒன்று அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டாவுக்கு. உயரத்தில் தொட்டபெட்டாவுக்குச் சில மீட்டர்களே குறைவு. காட்டுத்தீ காலத்தில் பாதை மூடியிருக்கும். திறந்திருக்கும் நாளில் முன்னால் நடந்து வழிகாட்டுவது, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள்.