முப்பத்தாறு ஆண்டுக் கணக்கு

அருந்ததி பட்டாச்சார்யா 1977இல் பாரத ஸ்டேட் வங்கியில் தகுதிகாண் அதிகாரியாக (பி.ஓ.) சேர்ந்தார். 2013 அக்டோபரில் அதே வங்கியின் தலைவரானார். 1806இல் தொடங்கிய கல்கத்தா வங்கியிலிருந்து கணக்குப் போட்டால், இருநூறு ஆண்டுகளைத் தாண்டிய அந்த நிறுவனத்துக்கு அவர்தான் முதல் பெண் தலைவர். நுழைந்த நாளுக்கும் தலைமை நாற்காலிக்கும் இடையே 36 ஆண்டுகள். இத்தகைய பணிவாழ்வைப் பற்றிப் பேசும்போது விடாமுயற்சி, தன்னம்பிக்கை, வீட்டையும் அலுவலகத்தையும் சேர்த்துச் சமாளிக்கும் திறன் என்று சில சொற்கள் தவறாமல் வந்துவிடும். மகளிர் தினத்தன்று இவை கொஞ்சம் கூடுதலாகவே செலவாகும். இந்தக் குணங்கள் அவரிடம் இருந்ததில் ஐயமில்லை. ஆனால், அதே குணங்களோடு அதே மாதிரித் தேர்வுகளை எழுதி உள்ளே வந்த எத்தனையோ பெண்கள் பாதி வழியில் நின்றுபோனது ஏன் என்று கேட்டால், குணநலப் பட்டியலில் விடை கிடைக்காது. பதவி உயர்வு விதிகளையும் டிரான்ஸ்ஃபர் உத்தரவுகளையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் அவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள் என்பதைப் பார்ப்போம். 1969இல் 14 வங்கிகளும் 1980இல் மேலும் 6 வங்கிகளும் அரசுடைமை ஆயின. 1969இல் நாடு முழுக்க எட்டாயிரத்துச் சொச்சமாக இருந்த வங்கிக் கிளைகள் 1990 வாக்கில் அறுபதாயிரத்தை நெருங்கின. அத்தனை கிளைகளுக்கும் ஆள் வேண்டியிருந்தது; எழுத்துத் தேர்வு மூலம் ஆள் எடுத்தார்கள். சிபாரிசுக்கு ஆளில்லாத நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்கு அந்த வினாத்தாள் பெரிய வாசல். 2013ஐ ஒட்டி பாரத ஸ்டேட் வங்கி, பேங்க் ஆஃப் இந்தியா, அலகாபாத் வங்கி ஆகியவற்றின் தலைமையில் ஒரே காலத்தில் பெண்கள் இருந்ததைப் பத்திரிகைகள் வியந்து எழுதின. வியப்பதற்கு அதிகமில்லை. எழுபதுகளில் விதைத்தது அப்போதுதான் அறுவடைக்கு வந்தது. தொண்ணூறுகளில் பொதுத்துறை வங்கிகள் ஆள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டன. 2000–01இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வெளியேறினார்கள். அதன் பிறகு அறுவடை மெலிந்ததற்குப் பெண்களின் திறமையைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆள் எடுத்தால் மட்டும் போதுமா? வங்கி அதிகாரிகளுக்கு ஸ்கேல் ஒன்றில் தொடங்கிப் பொது மேலாளர் வரை ஏழு படிகள். ஒவ்வொரு படியிலும் இத்தனை ஆண்டு இருந்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. உச்சிப் பதவிகளுக்கு வரும்போது, ஓய்வுக்கு முன் இத்தனை காலம் பணி மிச்சமிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்துகொள்கிறது. பட்டாச்சார்யா தலைவரானபோது அவருக்கு வயது 57. நடுவில் எங்கேனும் மூன்று ஆண்டுகள் பின்தங்கியிருந்தால் அந்த வாய்ப்பு அநேகமாக அவரைத் தாண்டிப் போயிருக்கும். பெண்களுக்கு ஆண்டுகள் தொலைவது பெரும்பாலும் ஸ்கேல் இரண்டு, மூன்றில். அதாவது முப்பதிலிருந்து நாற்பது வயதுக்குள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடுவதும் மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சையும் அந்த வயதில்தான் வருகின்றன. எழுத்தர் நிலையில் கதை இன்னும் முன்னதாகவே முடிந்துவிடும். கும்பகோணம் கிளையில் கேஷ் கவுண்டரில் இருக்கும் ஒரு பெண் அதிகாரித் தேர்வில் தேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உத்தரவு ஜார்க்கண்டுக்கு வருகிறது. சேர வேண்டிய தேதிக்குள் ‘குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பதவி உயர்வை ஏற்க இயலவில்லை’ என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டுக் கவுண்டருக்கே திரும்புகிறார். அடுத்த சில முறை அவர் விண்ணப்பிக்கவும் முடியாது. கோப்பில் இது அவருடைய ‘சொந்த விருப்பம்’ என்றே பதிவாகும்.

அப்படியானால் டிரான்ஸ்ஃபரே வேண்டாம் என்று விடலாமா? அங்கேதான் சிக்கல். கிளை, அந்நியச் செலாவணி, நியூயார்க் அலுவலகம், மனிதவளம், துணை நிறுவனமான எஸ்.பி.ஐ. கேபிடல் மார்க்கெட்ஸ் என்று சுற்றி வந்த பிறகே பட்டாச்சார்யா தலைவரானார். வாராக்கடன்களை மறைக்காமல் கணக்கில் காட்டும்படி ரிசர்வ் வங்கி 2015இல் நெருக்கியதும், 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்ததும், 2017 ஏப்ரலில் ஐந்து துணை வங்கிகளும் பாரதிய மகிளா வங்கியும் இணைந்ததும் அவர் காலத்தில்தான். ஒரே ஊரில் முப்பது ஆண்டு இருந்த ஒருவரால் இவற்றைத் தாங்கியிருக்க முடியாது. சென்னைக்காரர்களுக்கு இன்னொரு எடுத்துக்காட்டு அருகிலேயே இருக்கிறது. 1995–96இல் 1,300 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் காட்டி, மூடிவிடலாமா என்று பேசப்படும் நிலைக்குப் போனது இந்தியன் வங்கி. அதன் தலைமைக்கு 2000இல் ரஞ்சனா குமார் வந்தார். புதிய கடன் திட்டங்களை அறிவிப்பதை விட, நம்பிக்கை இழந்திருந்த ஊழியர்களிடமும் தொழிற்சங்கங்களிடமும் கணக்கைத் திறந்து காட்டிப் பேசுவதுதான் அங்கே முதல் வேலை. கிளைகளைச் சீரமைப்பது, ஆட்குறைப்பு எல்லாம் அதன் பிறகுதான் நடக்கக்கூடியவை. 2001–02இல் வங்கி லாபத்துக்குத் திரும்பியது. கீழ்ப்படியிலிருந்து ஏறி வந்தவர் சொன்னால் கவுண்டரில் இருப்பவர் காது கொடுப்பார். ஆலோசனை நிறுவனங்களின் வண்ண வண்ண ஸ்லைடுகளுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

ஆக, ஊர் ஊராகப் போனால்தான் தலைமைக்கான படிப்பு. பெண்ணின் பயணம் நிற்பதும் அதே ஊர்மாற்றத்தில்தான். இடையில் வேலையை விட்டுவிட நினைத்ததைப் பட்டாச்சார்யா வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். தலைவரான பிறகு, பிள்ளை வளர்ப்புக்கும் முதியோர் பராமரிப்புக்கும் இரண்டு ஆண்டு வரை விடுப்பில் போய்விட்டு வேலைக்குத் திரும்பும் வசதியை, முதன்மையாகப் பெண் ஊழியர்களுக்கென, அவர் நிர்வாகம் கொண்டுவந்தது. அவருடைய பணிவாழ்விலிருந்து ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். தான் தட்டுத்தடுமாறிக் கடந்த இடத்தை மனஉறுதிக்குச் சான்றாகக் காட்டாமல், அங்கே ஒரு விதியைப் போட்டுவிட்டுப் போனார்.

பராமரிப்பு விடுப்பைப் பெண்ணுக்கென்று கொடுத்தால் பராமரிப்பு பெண்ணின் வேலைதான் என்று முத்திரை குத்தியதாகாதா என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆண்களுக்கும் சமமாகத் திறந்துவிடுவதே அதற்கு வழி. தேர்வில் எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், பிறகு தனிச்சலுகை எதற்கு என்ற கேள்வி அவ்வளவு வலுவானதல்ல. வினாத்தாளைச் சமமாக்கியவர்கள் பதினைந்தாம் ஆண்டில் வீட்டில் வந்து விழும் வேலையைச் சமமாக்கவில்லையே. பெண்கள் தலைமையில் இருந்தால் வங்கி தானாகவே நேர்மையாகிவிடும் என்று ஆதரவாளர்கள் சிலர் பேசுவதையும் ஏற்க முடியாது. ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி தன் தலைமைப் பொறுப்பில் இருந்த சந்தா கோச்சார் நடத்தை விதிகளை மீறியதாக 2019இல் அறிவித்தது. நற்சான்றிதழ் இருந்தால்தான் சமவாய்ப்பு என்று ஆண்களிடம் யாரும் கேட்பதில்லை.

கணவர் பணிபுரியும் ஊரிலோ அதற்கு அருகிலோ பெண் ஊழியர்களை நியமிக்கலாம் என்று மத்திய நிதியமைச்சகம் 2014இல் பொதுத்துறை வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. நல்லெண்ணம்தான். ஆனால், சொந்த ஊர்ப் பக்கமே இருந்த அதிகாரியிடம் பதவி உயர்வு நேர்காணலில் “கிராமக் கிளையைத் தனியாக நடத்தியதுண்டா?” என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? கொடுத்த சலுகை அவர் தலையிலேயே விடியும். தொலைதூரப் பணியை முப்பது வயதில்தான் முடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தைத் தளர்த்தி, நாற்பத்தைந்து வயதிலும் முடிக்க இடம் கொடுக்கலாம். பராமரிப்பு விடுப்பில் போன காலத்தை, ஆணானாலும் பெண்ணானாலும், மிச்சப் பணிக்கால நிபந்தனையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2011இல் வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். பொதுத்தேர்வு தொடங்கிய பிறகு வந்த பெண்களில் பலர் இப்போதுதான் ஸ்கேல் மூன்றிலும் நான்கிலும் நிற்கிறார்கள். இந்த விதிகளை 2030க்குப் பிறகு திருத்தினால் அவர்களுக்குப் பயன்படாது.