கருவியும் உரிமையும்

உன்னிச்சைக் குளத்து நீரை நம்பி வேளாண்மை செய்யும் ஊர்களில் அரிசி ஆலையும் உரக்கடையும் நடத்துவோருக்குச் செயற்கை நுண்ணறிவு எதற்கு என்று கேட்போர் உளர். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தின்பின், விளங்காத மொழியில் வந்த கடிதத்தைக் கையில் ஏந்தித் தமிழர் அலைந்த அலைச்சலை அவர்கள் மறந்தனர் போலும்! இன்று அத்தகைய கடிதத்தின் பொருளைக் கைத்தொலைபேசியிலேயே தமிழில் அறிய இக்கருவி உதவுகிறது.

ஆகவே, தொடங்குக என்போம். சிறிதாகத் தொடங்குக என்போம். கடிதத்தின் சாரம், விலைப்பட்டியலின் முதல் வரைவு போன்ற, நாமே சரிபார்க்கக்கூடிய ஒரு வேலை முதலில் போதும். அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து வாக்கியம் அமைப்பதே இக்கருவியின் முறை. அறியாததையும் அறிந்ததுபோல் அடித்துச் சொல்லும். தவணை நாளையும் தொகையையும் மூலத்தோடு ஒப்பிடாமல் எவரும் ஒப்பமிடலாகாது.

கடன் ஏட்டை மட்டும் அதனிடம் ஒப்படைக்க வேண்டாம். எந்த உழவர் எவ்வளவு கடன்பட்டார் என்பது கடைக்காரரின் சொத்தன்று. அவர் காக்க வேண்டிய நம்பிக்கை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு என்பது மெய்யே. ஆயினும், கடல் கடந்த கணினிக்குச் சென்றுவிட்ட விவரத்தை மீட்பது எளிதன்று.

இன்னொன்று: அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி. கருவி மொழிபெயர்த்துத் தருகிறது என்பதற்காகத் தமிழில் கடிதம் கேட்கும் உரிமையை நாம் கைவிடலாமா? கருவி கைக்கு உதவட்டும். உரிமைக்கு ஈடாக வேண்டாம்.